வெளிச்சப் பெட்டியில் இரண்டு வெள்ளை

உங்கள் வீட்டில் ஒரு பெண் தினமும் விழுங்குகிற மாத்திரையைப் பார்த்து, "வயித்துல பிள்ளை இருக்கு, இதெல்லாம் இனிமே வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? எங்கே படித்தீர்கள்? எத்தனை நோயாளிகளைப் பார்த்திருக்கிறீர்கள்? பதில் இருந்தால் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு படியுங்கள். கத்திரியின் கதை உங்களுக்காகத்தான்.

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, சட்டை தைக்கும் ஆலை வைத்தது. இடது கையில் சட்டை, வலது கையின் விரல்களுக்குள் நூல் நறுக்கும் குட்டிக் கத்திரி, இதுதான் பத்து வருஷமாக அவள் கோலம். தைத்து முடிந்த சட்டை எதுவானாலும் அவள் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக முடியும். தொங்கும் நூலை நறுக்குவாள். காலரைப் புரட்டுவாள். இரண்டு கையும் ஒரே நிறந்தானா என்று பார்ப்பாள். பிழை கண்டால் சிவப்பு ஸ்டிக்கர்; தைத்தவள் உயிர்த்தோழியாக இருந்தாலும் சரி. "உனக்குக் கையில ஒரு கத்திரி, வாயில ஒரு கத்திரி" என்று பட்டன் ஓட்டை போடும் காஜாக்காரம்மா ஒருநாள் திட்டினாள். திட்டே பெயராகிவிட்டது.

அவளுக்கு முதல் வலிப்பு பதினோரு வயதில், வகுப்பறையில் வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாளே என்று ஒரு ஆசிரியர் சாப்பாட்டு டப்பாவிலிருந்த கரண்டியை எடுத்து வாய்க்குள் திணித்தார். வலிப்பு இரண்டு நிமிஷத்தில் தானாக நின்றது. உடைந்த முன்பல் மட்டும் திரும்பி வரவேயில்லை. "வலிப்பு எனக்குச் செஞ்ச கெடுதலை விட கரண்டி செஞ்ச கெடுதல்தான் ஜாஸ்தி" என்று அந்த அரைப் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். மாத்திரை தொடங்கியபின் வலிப்பு வருஷத்துக்கு ஒன்று என்று இறங்கி, பிறகு வராமலே போனது.

ஆலையில் சேர்ந்த முதல் வாரமே பக்கத்து மேஜைக்காரிகளையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி வகுப்பெடுத்தாள்.

"நான் விழுந்தா பிடிச்சு அமுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்குக் கீழ துணியை மடிச்சு வைங்க, இங்க துணிக்கா பஞ்சம்? மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. வாயில எவளாவது கரண்டியைத் திணிச்சா, முழிச்சதும் அந்தக் கையைக் கடிப்பேன்."

"இப்பவே கடிக்கிறியேடி" என்றாள் காஜாக்காரம்மா.

ஆலையின் சரக்கு லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வந்தவன்தான் அவள் புருஷன். பேச்சு பழக்கமாகி, பழக்கம் கல்யாணப் பேச்சாக ஆனபோது அவள் முதலிலேயே போட்டு உடைத்தாள். "எனக்கு வலிப்பு இருக்கு. மறைச்சுக் கட்டிக்கிற வித்தை எனக்குத் தெரியாது. ஓடுறதுன்னா இப்பவே ஓடு." அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "நான் தினமும் பத்து மாடி உயரத்துல தொங்குறேன். அதுக்கு நீ ஓடலையே?" என்றான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று பிற்பாடு சொல்வாள். கோபம் வந்தால், அந்த ஒரு பதிலைக் கேட்டு ஏமாந்தேன் என்றும் சொல்வாள்.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததும் அவள் ஜோசியரிடம் போகவில்லை, உறவினரிடமும் போகவில்லை. நேரே நரம்பு டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"நல்ல வேளை, முன்னாடியே வந்தீங்க" என்றார் டாக்டரம்மா. "நீங்க சாப்பிடுறது வால்ப்ரோயேட். வலிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனா கர்ப்பத்துல குழந்தையோட முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். மாத்திடலாம். அதுக்காக இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் தூக்கிப் போட்டுடாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு மேல வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. லமோட்ரிஜின்னு வேற ஒண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இதைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். மாசக்கணக்காகும்."

கத்திரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் நூலின் நிறத்தை மாற்றும்போது பழைய நூலை உருவி எறிபவள் மடச்சி. அப்புறம் கண்ணி கண்ணியாகக் கோர்த்து மாள வேண்டும். விவரம் தெரிந்தவள் பழைய நூலின் நுனியில் புதிய நூலை முடிந்து, மெல்ல இழுப்பாள். பழையது வெளியே வர வர, புதியது தன் பாதையில் போய் உட்காரும்.

"முடிச்சுப் போட்டு இழுக்கணும், அதானே டாக்டர்?"

"அதேதான்" என்று சிரித்தார் டாக்டரம்மா. கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார். "இன்னொண்ணையும் சொல்லிடறேன். புது மாத்திரையில ஆபத்தே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரையே தொடாத அம்மாவுக்கும் சில நேரம் குறையோட குழந்தை பிறக்குது. பழசை விட இதுல ஆபத்து ரொம்பக் குறைவு. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

உண்மையை உள்ளபடி சொன்ன அந்த மனுஷியைக் கத்திரி அன்றைக்கே நம்பினாள். மாத்திரை மாறியது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். அதற்கப்புறம்தான் கர்ப்பம்.

மாமியார் என்றதும் வில்லியைத் தேடாதீர்கள். இந்த அம்மாள் குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்துவிட்டவள். மருமகள் வயிற்றில் குழந்தை என்று தெரிந்த நாளிலிருந்து அவளைத் தரையில் நடக்க விடவில்லை. ஆனால் தெருமுனைக் கடையில் யாரோ, வலிப்பு மாத்திரை தின்ற ஒருத்திக்கு முதுகில் ஓட்டையோடு பிள்ளை பிறந்ததாம் என்று ஊதிவிட்டார்கள். எந்த மாத்திரை, எவ்வளவு, எந்த மாதத்தில்? ஊதுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அரை உண்மை முழுப் பொய்யை விடப் பொல்லாதது. பொய்யை ஒரே கேள்வியில் கவிழ்க்கலாம். அரை உண்மைக்கு எப்போதும் நிற்க ஒரு கால் இருக்கும்.

"ஏம்மா, தலைவலிக்கே மாத்திரை போடக் கூடாதும்பாங்க. நீ காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு முழுங்குறியே."

"அத்தை, கெடுதல்னு அவங்க சொல்றது நான் முந்தி சாப்பிட்டது. அதை மாத்தியாச்சு."

"எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே?"

"அப்ப நானும் உங்க மகனும் ஒரே குட்டையா? நான் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன், அவரு எட்டு மணிக்கு எந்திரிக்கிறாரு."

மாமியார் சிரித்துவிட்டாள். சிரித்தாளே தவிர விடவில்லை.

இந்த இடத்தில் கத்திரியின் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், பட்டையிலிருந்து மாத்திரைகளையெல்லாம் பிதுக்கி எடுத்து, ஏழு நாளுக்குக் காலை மாலை என்று பதினான்கு அறையுள்ள டப்பாவில் போட்டு, காலிப் பட்டையைக் குப்பையில் எறிந்துவிடுவாள். துணிக்கட்டைப் பிரித்து அடுக்குவதுபோல, பார்க்க வெகு ஒழுங்கு. ஆனால் ஆலையில், சீட்டுக் கட்டாத துணிக்கட்டு வந்தால் கையால் தொடக்கூட மாட்டாள். எந்த லாட், எந்த அளவு என்று தெரியாத துணியை எப்படிச் சோதிப்பது? வீட்டில் அவளே வாராவாரம் சீட்டைக் கிழித்து எறிந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள். காலை பத்து மணி. கையில் வெள்ளைச் சட்டை. கத்திரி மேஜையோரமாகச் சரிந்து விழுந்தாள்.

காஜாக்காரம்மா ஒரே தாவலில் வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஒருத்தி அவள் விரல்களிலிருந்து குட்டிக் கத்திரியை உருவினாள். இன்னொருத்தி தலைக்குக் கீழ் பத்துச் சட்டைகளை மடித்து வைத்தாள். கரண்டியை யாரும் தேடவில்லை. ஒரு சட்டைக்கு எத்தனை விநாடி என்று எந்நேரமும் அளந்து எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளும் சூப்பர்வைசர், அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்றே பெயர், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கருவியை உருப்படியான வேலைக்கு அமுக்கினார்.

"ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட்" என்றார்.

"மாசமா இருக்கா. அஞ்சு நிமிஷக் கணக்கெல்லாம் இப்ப கிடையாது, வண்டியைக் கூப்பிடுங்க சார்!" என்று கத்தினாள் காஜாக்காரம்மா.

குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் வந்த ரத்தப் பரிசோதனை முடிவுதான் டாக்டரம்மாவின் நெற்றியைச் சுருக்கியது.

"கர்ப்பத்துல இந்த மருந்தோட அளவு ரத்தத்துல தானாவே குறையும். அதனாலதான் மாசாமாசம் பார்த்து ஏத்திட்டு வர்றோம். ஆனா இது எதிர்பார்த்ததுல பாதிகூட இல்லையே. மாத்திரையை விட்டுட்டீங்களா?"

"ஒரு வேளைகூட விடல."

"கோவிச்சுக்காதீங்க. நிறைய பேரை வீட்டுல பயமுறுத்தி நிறுத்த வெச்சுடுறாங்க. அதான் கேட்டேன்."

பத்து வருஷமாக அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தவள். அவள் மேலேயே இப்போது சிவப்பு ஸ்டிக்கர். வீடு திரும்பும் வழியெல்லாம் அது உறுத்தியது. நான் விடவில்லை, அளவும் பாதி இல்லை. இரண்டும் உண்மையென்றால் நடுவில் என்ன? பேய் பிசாசா? கத்திரிக்குப் பேய்மேல் நம்பிக்கை கிடையாது. பொருள் மேல் உண்டு. மறுநாள் ஓய்வெடுக்கச் சொன்னதையும் மீறி, மாத்திரை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனாள்.

சோதனை அறையின் மூலையில் வெளிச்சப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே சாம்பல் நிறம் அடித்த, முன்பக்கம் திறந்த பெட்டி. பொத்தானை மாற்றினால் மஞ்சள் விளக்கு எரியும், கடை விளக்கு எரியும், பகல் வெளிச்சம் மாதிரியான விளக்கு எரியும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி, இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரியும். போன வருஷம் முந்நூறு சட்டைகளின் கைகள் உடம்போடு ஒட்டாத நிறம் என்பதை இந்தப் பெட்டிதான் காட்டிக்கொடுத்தது.

டப்பாவிலிருந்து மூன்று காலை மாத்திரைகளை எடுத்து மேல் வரிசையாகவும், மூன்று மாலை மாத்திரைகளை எடுத்துக் கீழ் வரிசையாகவும் வைத்தாள். மஞ்சள் விளக்கு: ஆறும் ஒன்றுபோல. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குவதும் அதே மஞ்சள்தான். பகல் விளக்கைப் போட்டாள்.

மேல் வரிசை பால் வெள்ளை. கீழ் வரிசை தந்த வெள்ளை.

தோள்மேல் எட்டிப் பார்த்த காஜாக்காரம்மா மூச்சை இழுத்தாள். "ஏ கத்திரி, இது வேற லாட்டுடி."

வழக்கமாக மாத்திரை வாங்கும் கடையில் கொண்டுபோய்க் காட்டினாள். கடைக்காரர் மாலை மாத்திரைகளை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது சும்மா சத்து மாத்திரைங்க" என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து ஆறு மாத்திரைகளையும் வைத்தாள் கத்திரி. எதிரே மாமியார். வாசலருகே, செருப்பைக் கழற்றாமல் புருஷன்.

"யாரு மாத்தினது?"

மாமியார் மறைக்கவில்லை. "நான்தான். மூணு வாரமாச்சு. விஷமா வச்சேன்? சத்து மாத்திரைதானே வச்சேன். காலையில உள்ளதைத் தொடலை. பாதி மாத்திரை போனா பாதி ஆபத்து போகும்னு நினைச்சேன். என் பேரப்பிள்ளைக்காகச் செஞ்சேன்."

"நான் இரும்பு மேஜையோரமா விழுந்தேன் அத்தை. அஞ்சடி தள்ளி நீராவி இஸ்திரி கொதிச்சுக்கிட்டிருந்தது. விழுந்தது நான் ஒருத்தி இல்ல, உங்க பேரப்பிள்ளையும்தான். எனக்கு மூச்சு முட்டினா அதுக்கும் முட்டும். அந்த ஆபத்தை எந்தத் தராசுல நிறுத்தீங்க?"

கத்திரி வாசல் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் செருப்பைக்கூடக் கழட்டாம நிக்கிறீங்க?"

அவன் ஒரு செருப்பை மட்டும் கழற்றினான். "போன ஞாயித்துக்கிழமை பார்த்தேன். அம்மா அழுதாங்க. எப்படியாவது பேசிச் சரிபண்ணிட்டு அப்புறம் சொல்லலாம்னு…"

கல்யாணத்திலிருந்து அவனைச் சொல்லிவந்த "நீங்க" அந்த நொடியில் செத்தது.

"உங்கம்மா ஒரு லிஃப்ட்டோட பிரேக்கைக் கழட்டி வச்சா, அழுறாங்களேன்னு சும்மா இருப்பியா? உள்ளே ஆளை ஏத்தி மேலே அனுப்புவியா? சொல்லுடா!"

மாமியார்தான் குறுக்கே வந்து கேட்டாள்: "பயந்துட்டேன்மா. குறையோட பிறந்தா என்ன பண்ணுவோம்?"

"உங்க கணக்குல நானும் குறைதானே அத்தை? எங்க வீட்டுல என்னை வளர்க்கலையா? நான் வளரலையா? பயந்தா என்னைக் கேளுங்க. டாக்டரைக் கேளுங்க. என் டப்பாவைத் தொறக்காதீங்க. அடுத்த தடவை ரெண்டு பேரும் என்கூட வந்து, டாக்டரம்மா எதிர்ல உக்காந்து, மனசுல உள்ளதெல்லாம் கேட்டுக்கணும். அதுக்கப்புறமும் யாராவது தொட்டா, நான் இந்த வீட்டுல இல்ல."

டப்பா அன்றோடு குப்பைக்குப் போனது. இனி பட்டையோடுதான் மாத்திரை. ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் தேதி. பட்டை இருக்கும் இடம் ஆலையின் இரும்பு அலமாரி, சாவி கழுத்தில். லீவு நாளுக்கு உரியது அவள் கைப்பையில். காலையில் மேஜையில் உட்காருமுன் ஒன்று, சாயங்காலம் கிளம்புமுன் ஒன்று. முப்பது பெண்கள் ஒரே குரலில், "கத்திரி, முழுங்கியாச்சா?" என்பார்கள். அவள் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள்.

ஸ்டாப்வாட்ச் ஒரு தடவை குறுக்கே வந்தார். "பிரசவம் வரைக்கும் வீட்டுல ரெஸ்ட் எடும்மா. மேலிடத்துல பயப்படுறாங்க."

"எனக்கு ஆபத்து வந்ததே வீட்டுலதான் சார். இங்க இல்ல." டாக்டரம்மாவின் கடிதத்தை நீட்டினாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை செய்யலாம், இஸ்திரிக்குப் பக்கத்தில் வேண்டாம், தூக்கம் கெடும் ஷிஃப்ட் வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். காஜாக்காரம்மா தன் மிஷினை நிறுத்தினாள். அடுத்தவள் நிறுத்தினாள். கூடம் முழுக்க மிஷின் சத்தம் ஓய்ந்தது.

"என்ன இது?" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"அவ விழுந்தன்னிக்கு நீங்க அளந்த அதே ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் சார்" என்றாள் காஜாக்காரம்மா. "அமுக்கிப் பாருங்க."

அவர் அமுக்கவில்லை. கத்திரியின் மேஜை ஜன்னலோரத்துக்கு நகர்ந்தது.

சொன்னபடியே, அடுத்த தடவை மாமியார் மகனோடு வந்தாள். டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்து பத்துக் கேள்வி கேட்டாள். பத்தாவது கேள்வி, "அவ அன்னிக்கு விழுந்ததுல பிள்ளைக்கு என்னால ஏதாவது ஆகியிருக்குமா?" என்பது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கத்திரி ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள், அளவு குறையக் குறைய மாத்திரையை ஏற்றினார்கள். வலிப்பு வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபின் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும்போது மருந்து மிஞ்சிவிடக் கூடாதென்று அளவை மறுபடி இறக்கினார்கள். மாத்திரையோடே தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா, கொடுத்தாள். குழந்தைக்குத் துணி மாற்றுவது தரையில் விரிப்பில்தான். குளிப்பாட்டும்போது தனியாக இருப்பதில்லை. மாமியார் அருகில் இருப்பாள். இருபது வருஷத்து ஆயாவின் கை, தண்ணீரில் நடுங்காத கை. ராத்திரிப் பாலுக்கு ஒருமுறை புருஷன் எழுந்து புட்டி எடுப்பான், அவள் தூக்கம் கெடாமலிருக்க. "நீங்க" திரும்பி வர மட்டும் ஆறு மாதம் ஆனது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, கத்திரி சொன்னது சரி" என்று நான் முடிக்கப்போவதில்லை. ஒரு குழந்தை சாட்சியம் ஆகாது. நாளைக்கு இன்னொருத்திக்கு, எல்லாம் சரியாகச் செய்தும், குறையோடு ஒன்று பிறக்கலாம். அப்போதும் அவள் செய்தது சரிதான். அவள் டப்பாவைத் திறந்த கைதான் தவறு. கத்திரி நியாயத்தில் நின்றது குழந்தை பிறந்த அன்றைக்கல்ல, ஆறு மாத்திரைகளைக் காகிதத்தில் பரப்பி யாரு மாத்தினது என்று கேட்டாளே, அன்றைக்கு.

உங்கள் மருமகளோ மகளோ மனைவியோ தங்கையோ இப்போது எங்கேயாவது ஒரு மஞ்சள் விளக்கின் கீழே, நீங்கள் நீட்டியதை நம்பி விழுங்கிக்கொண்டிருக்கலாம். குழந்தை வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்றால் இப்போதே, உண்டாகிவிட்டாள் என்றால் இந்த வாரமே, அவளோடு டாக்டரிடம் போங்கள். அவள் பேசட்டும். உங்கள் பயத்தை அங்கே, அவள் காதுபட, வாய்விட்டுக் கேளுங்கள். திரும்பி வரும்போது அவள் மாத்திரைப் பட்டையை அவள் கையிலேயே கொடுங்கள்.